சம்பூர்ணம் வீட்டு வாசிப்பு

வலது கைக் கட்டைவிரலின் அடியில் பிடித்த வலி, ஷிப்ட்டு முடிவதற்குள் முழங்கையைத் தாண்டித் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஷூ கம்பெனியில் சம்பூர்ணத்துக்கு நூல் வெட்டுகிற வேலை. தைத்து வரும் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. காலையிலிருந்து பொழுதுசாயும் வரை நின்றபடி நறுக்கிப் பார்த்தால்தான் அந்தக் கத்தரியின் கனம் தெரியும். சாப்பாட்டுப் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தாள். ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஏறி வீட்டுக்குப் போய், தோளில் நாலு சொம்பு வெந்நீர் ஊற்றிக்கொண்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

எதிரே டீக்கடை ஓரம் எழிலரசி நின்றிருந்தாள். செத்துப்போன ஆசீர்வாதத்தின் ஒரே மகள். சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, வேலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

"அத்தை."

"எழிலு! இன்னாடி நீ இங்க? கடைக்குப் போலியா?"

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழம விழா. நீங்க வருவீங்க இல்ல?"

"உங்கப்பனுக்கு எடுக்கற விழாவுக்கு நா வராம யாரு வருவா? நீ அதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

எழிலரசி டீ கிளாஸைக் கையில் சுற்றினாள். "அந்த வாசிப்பு விசயம் அத்தை. உங்க வூட்டு வாசிப்பு."

சம்பூர்ணத்துக்குத் தோள்வலி ஒரு நொடி மறந்துபோயிற்று.

ஆம்பூரில் கோயிலுக்குக் கோயில் ஆர்மோனியம் வாசித்தவர்கள் உண்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் கீபோர்டு வாசித்தவர்கள் உண்டு. பியானோக்காரர் என்று ஊர் சொன்னது ஆசீர்வாதம் ஒருவரைத்தான். வேலை என்னவோ டேனரியில். பதப்படுத்தி வரும் தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்கிறவர். சின்ன வயதில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது, கோயிலைப் பெருக்கித் துடைத்தால் அங்கிருந்த பியானோவை அரைமணி தொடலாம் என்று பாதிரியார் விட்டிருந்தார். அப்படி வந்த வித்தை. டேனரி முதலாளி, ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தோல் வாங்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு பங்களா கட்டி, அதில் எங்கிருந்தோ ஒரு பியானோவை வாங்கிப் போட்டிருந்தார். வெள்ளைக்காரன் சாப்பிட்டு முடித்தால் கொட்டகைக்கு ஆள் வரும். "ஆசீரு, கைய நல்லா கழுவிக்கினு வரச் சொன்னாரு." எவ்வளவு கழுவினாலும் தோல் வாடை போகாது. அந்த வாடையோடுதான் வாசிப்பார். கொட்டகையில் தோல் அலசிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அது காற்றில் வந்து விழும்.

பாலாற்று வழக்கு நடந்து, கழிவு விடுகிற டேனரிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வசதியுள்ளவர்கள் சுத்திகரிப்புக்குப் பணம் கட்டித் திரும்பத் திறந்துகொண்டார்கள். சம்பூர்ணமும் ஆசீர்வாதமும் வேலை செய்த டேனரி திறக்கவேயில்லை. முதலாளி மெட்ராசுக்குப் போனவர் போனவர்தான். சம்பள பாக்கியும் செட்டில்மென்டும் அப்படியே நின்றன. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாரும் சலித்துப்போனபோது, ஒரு மத்தியானம் மேனேஜர் வந்து பங்களாச் சாவியைக் கவுஸ் பாஷாவின் கையில் வைத்தார். "இவ்ளோதான் முடியும்னுட்டாரு. உள்ள இருக்கறத பிரிச்சிக்குங்க." அதோடு அவரும் பஸ் ஏறிவிட்டார்.

கவுஸ் பாஷா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். சண்டையில்லாமல் பங்கு பிரிக்கத் தெரிந்தவர் என்று அவரிடம் சாவி வந்தது. அவருக்குக் கண்ணாடி பீரோ. தோல் அலசுகிற கண்ணம்மாளுக்கு பிரிட்ஜ், அவள் வீட்டில் அப்போது கரண்டு கிடையாது, அதில் அரிசி கொட்டி வைத்தாள், எலி ஏறாது என்று. சம்பூர்ணத்துக்கும் அவள் புருஷன் சின்னசாமிக்கும் சேர்த்து ஒரு தேக்குக் கட்டில். கடைசியில் பியானோ நின்றது. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டு, சம்மட்டியோடு வந்துவிட்டான்.

ஆசீர்வாதம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இத உடைக்காதீங்கப்பா. எங்கிட்ட குடுங்க. உங்க எல்லார் வூட்டுக்கும், எந்த விசேசம்னு நீங்களே சொல்லுங்க, ஒரு தபா பெட்டியோட வந்து வாசிக்கறேன். எல்லார் வூடும் முடியற வரைக்கும் பெட்டி நம்ம எல்லாருதும். முடிஞ்சப்பறம் என்னுது."

"பெட்டிய தூக்கினு வருவியா?" என்றார் பாஷா.

"தூக்கினு வருவேன்."

"தெரு தெருவா?"

"நீங்கதான பாய் தூக்கப் போறீங்க. எனக்கு இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்கள். அப்படியே முடிவாயிற்று. யாரும் எதிலும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அதற்கப்புறம் வருஷக் கணக்கில் அந்தப் பெட்டி ஊரைச் சுற்றியது. பச்சைத்தோல் ஏற்றுகிற தள்ளுவண்டியில் கோணியை நனைத்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, ஆறு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். கவுஸ் பாஷா மகள் நிக்காவுக்கு வீட்டுக்குள் வாசிக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், பக்கத்து மரக்கடையில் பெட்டியை நிறுத்தி வாசித்தார். மரக்கடைக்காரன் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்தான். கண்ணம்மாள் தன் வாசிப்பை, மகன் ஐந்தாம் முறை எழுதிப் பத்தாவது பாஸ் பண்ணியதற்கு வாங்கிக்கொண்டாள். "கல்யாணம் எவனுக்கு வேணா நடக்கும், இவன் பாஸாவறது நடக்குமா?" என்றாள். சாவுக்கு வாங்கினவர்களும் உண்டு. எந்த வீடானாலும் கடைசியில் ஒரு மெட்டு வாசிப்பார். அவரே போட்டது. பங்களாக் காலத்திலேயே போட்டதாம். ஷிப்ட்டு விடுகிற நேரத்தில் வாசிப்பார் என்பதால் அதற்கு 'ஷிப்ட்டு விட்ற பாட்டு' என்றே பேர் வந்துவிட்டது. அதை வாசித்தால் வாசிப்பு முடிந்தது, அந்த வீட்டுக் கணக்கு தீர்ந்தது என்று அர்த்தம்.

உப்பு விசயம் நடந்தது, பெட்டி ஆசீர்வாதம் வீட்டுக்கு வந்த மறுவருஷம். ஐப்பசி மழையில் ஓடு நகர்ந்து, ராத்திரி பெய்தது முழுக்கப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. விடிந்ததும் சேதி போய் எல்லாரும் கூடினார்கள். என்ன செய்வது என்று ஆசீர்வாதத்துக்கே தெரியவில்லை. சின்னசாமிதான் சொன்னான். அவனுக்கு டேனரியில் உப்புக் கொட்டகையில் வேலை.

"தோல்ல தண்ணி நின்னா இன்னா பண்ணுவோம்? உப்பு போடுவோம். உப்பு தண்ணிய இழுத்துக்கும். இதுவும் அப்படித்தான்."

ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் தோலில் புழங்கினவர்கள். ஈரம் என்றால் உப்பு என்பது அவர்கள் கைக்கே தெரியும். மண்டியிலிருந்து இரண்டு மூட்டை தோல் உப்பு வந்தது. சின்னசாமி தன் கையாலேயே, இண்டு இடுக்கு விடாமல், குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பெட்டிக்குள் உப்பைப் போட்டு நிரப்பினான். உப்பு நன்றாகத்தான் தண்ணீரை இழுத்தது. வழித்தெடுத்தபோது கம்பியெல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தது. மற்றதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் தேற்றிவிட்டார்கள். நடுவில் மூன்று கட்டைக்கு மட்டும் கம்பி அரித்து அறுந்துபோயிற்று.

ஆசீர்வாதம் உட்கார்ந்து அந்த மூன்றையும் அழுத்திப் பார்த்தார். டொக். டொக். டொக். கதவைத் தட்டுகிற மாதிரி மரச் சத்தம்தான் வந்தது. சின்னசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஆசீர்வாதம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பச்சைத்தோலா இருந்தா இன்னேரம் நல்லா பதமாயிருக்கும், இல்லடா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னசாமி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

கம்பி மாற்ற மெட்ராசிலிருந்து ஆள் வரவேண்டும், அதற்கு யாரிடம் காசு இருந்தது? ஆசீர்வாதம் அந்த மூன்று கட்டையை விட்டுவிடவும் இல்லை. ஷிப்ட்டு விட்ற பாட்டில் அந்த இடம் வரும்போது, "சின்னசாமி வர்றான்" என்று சொல்லிவிட்டு, செத்த கட்டைகளையே அழுத்துவார். டொக் டொக் டொக். போகப் போக ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இடம் வந்தால் பிள்ளைகள் பலகையில், பெண்கள் பாத்திரத்தில், ஆண்கள் வண்டிச் சட்டத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவார்கள். அப்புறம் பாட்டு மேலே போகும். ஆம்பூரில் அந்த மெட்டை முணுமுணுக்கிற யாரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எதையாவது தட்டுவார்கள். சின்னசாமிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த இடம் வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க ஆரம்பித்தான்.

சின்னசாமியின் வீட்டு வாசிப்பு மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. "வாடகை வூட்டு வாசல்ல பெட்டிய எறக்கமாட்டேன். சொந்த வூடு கட்டி, அந்த வாசல்ல எறக்கறேன்" என்பது அவன் பிடிவாதம். மகள் ஹேமலதா பிறந்ததற்கும் இல்லை, சடங்குக்கும் இல்லை. அவள் பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை செய்தவனை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பினாள்; அதற்கு எங்கே போய் வாசிப்பது? அரசாங்கத் திட்டத்தில் வீடு கிடைத்து, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது சின்னசாமி மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எடுக்கிற அன்றைக்கு ஆசீர்வாதம் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை வந்துவிட்டார். சம்பூர்ணம் தலைவிரி கோலமாக எழுந்து போய் மறித்தாள்.

"சாவுக்கு வேணாம்ணா. அவரு இதுக்கா காத்திருந்தாரு? வூடு முடியட்டும். அப்ப வா."

"சரிம்மா. முடியட்டும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

போன கார்த்திகையில் ஆசீர்வாதம் போய்விட்டார். இந்த ஆவணியில் வீடு முடிந்தது. சம்பூர்ணம் பாலைக் காய்ச்சித் தானே குடித்துக்கொண்டாள்.

"சாவறதுக்கு முன்ன அப்பா சொல்லிட்டுப் போச்சு அத்தை" என்றாள் எழிலரசி. "சம்பூர்ணம் வூட்டு வாசிப்பு பாக்கி நிக்குது, அது முடியற வரைக்கும் பெட்டி நம்முது இல்லன்னு. ஆனா நா இன்னா பண்றது? இந்த மாசத்தோட அப்பா இருந்த வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என் மாடிக்கு அது ஏறாது. ஏறனாலும் வூட்டுக்காரன் வெரட்டிடுவான். காட்பாடியில ஒரு காலேஜ்ல கேக்கறாங்க. ஹால்ல வச்சி, அப்பா பேரு போட்டு, கண்ணாடி மாட்டிப் பாத்துக்கறேங்கறாங்க. விழா முடிஞ்ச கையோட வண்டி வருது."

"பாஷா பாய் இன்னா சொல்றாரு?"

"அவருதான் சொன்னாரு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன் வந்து பெட்டியில வாசிக்கறான். கடைசியா ஷிப்ட்டு விட்ற பாட்டு. அத உங்க வூட்டு பேருக்குன்னு மைக்ல சொல்லிடலாம், நீங்க மேடையில வந்து 'தீந்துச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்னு." எழிலரசி சம்பூர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேற வழி தெர்ல அத்தை."

சம்பூர்ணம் அந்தக் கையைப் பார்த்தாள். அப்பனுக்கு இருந்த மாதிரியே நீள விரல்கள். ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாத விரல்கள். ஆசீர்வாதம் மகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கினதே இல்லை.

"சரி போ. சொல்றேன்" என்றாள்.

நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தாள். மூன்று நாளும் நூல் வெட்டிக்கொண்டே அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பழகினாள். தீந்துச்சு. இதில் என்ன இருக்கிறது? பெட்டி நல்ல இடத்துக்குப் போகிறது. பெண்ணுக்குப் பேஜார் தீருகிறது. செத்தவர் திரும்ப வந்து வாசிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஹேமலதா வாங்கி அனுப்பியிருந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்குக் கொஞ்சம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாள்.

பஜாருக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. வாசலில் ஆள் உயர பிளெக்ஸ். அதில் ஆசீர்வாதம் கோட்டு சூட்டு டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். உடம்பில் கோட்டே ஏறாத மனிதருக்கு ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தான்.

"இது யாருடி, புதுக் கலெக்டரா?" என்றபடி கண்ணம்மாள் வந்து சம்பூர்ணத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "இவரு கோட்டு போட்டு நா பாத்ததே இல்ல. மழைக்கு கோணிதான் போட்டுப்பாரு."

"செத்தப்பறமாச்சும் போட்டுக்கட்டும் வுடு."

"பிரியாணி உண்டாமே?"

"விழா முடிஞ்சப்பறம்."

"அதுவரைக்கும் வாசிக்கணுமா பாவம், சீக்கிரம் முடிக்கச் சொல்லு."

பழைய டேனரி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்த வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். சிலர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிலரைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மேடையில் கோயில் பாடகர் குழு பாடியது. நாட்றம்பள்ளியிலிருந்து வந்த பேண்டு செட்டு காது கிழிய ஊதியது. வாணியம்பாடிப் பையன்கள் மூன்று பேர் கிடாரோடு வந்து, பியானோக்காரரை நேரில் பார்த்ததில்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவருக்காக ஒரு பாட்டு பாடினார்கள். கீழே இந்த வரிசையில் யாரும் மேடையைக் கவனிக்கவில்லை. யார் வீட்டில் எப்போது வாசித்தார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் சாக்கடையில் இறங்கி, பெட்டி சாய்ந்து, பெட்டியை விட்டுவிட்டு ஆசீர்வாதத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நின்ற கதையை ஒருவர் சொன்னார். "பெட்டிய புடிங்கடா, என்ன ஏண்டா புடிக்கறீங்க" என்று அவர் கத்தியதை இன்னொருவர் அதே குரலில் கத்திக் காட்டினார். சம்பூர்ணம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிறகு பியானோவின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். மெட்ராசுப் பையன் வசந்த் வந்து உட்கார்ந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பார்க்க அடக்கமான பிள்ளை. ஒரு கீர்த்தனை, ஒரு பழைய சினிமாப் பாட்டு வாசித்தான். சும்மா சொல்லக்கூடாது, கை தண்ணீர் மாதிரி ஓடியது. அந்தப் பெட்டியா இது என்றிருந்தது. பெட்டியைத் துடைத்து, உள்ளே என்னென்னவோ மாற்றி, பல் தேய்த்துவிட்ட மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

கவுஸ் பாஷா மைக்கைப் பிடித்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இப்போது தோல் வெட்டுத் துண்டு வியாபாரம் செய்கிறார். விழாவுக்கு வசூல் பண்ணி, ஆள் சேர்த்து, ஓடியாடினது முழுக்க அவர்தான். "இப்ப கடைசி பாட்டு. எங்க கூட வேல செஞ்ச சின்னசாமி, சம்பூர்ணம் வூட்டு பேருக்கு. இதோட ஆசீரு நமக்கு தரவேண்டிய வாசிப்பு அத்தினியும் முடியுது" என்றார்.

வரிசையிலிருந்த எல்லாரும் திரும்பிச் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள். கண்ணம்மாள் அவள் தொடையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஷிப்ட்டு விட்ற பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது வரிக்குள் கீழே முணுமுணுப்பு கிளம்பி மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. டேனரி ஆட்கள் மட்டுமில்லை, அவர்கள் வீடுகளில் வளர்ந்தவர்கள், தெருவில் நின்று கேட்டவர்கள், பிரியாணி அண்டா பக்கத்தில் நின்றவர்கள் என்று எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டிக்கரை ஈரமும் சுண்ணாம்பு வாடையும், வேலை விட்டுக் கையைக் காலைக் கழுவிக்கொண்டு சின்னசாமியின் பின்னால் நடந்து வீட்டுக்குப் போன சாயங்காலங்களும் வந்தன. அந்த இடம் நெருங்கியது. விரல் முட்டியை மடக்கி நாற்காலிக் கையின்மேல் தயாராக வைத்துக்கொண்டாள். மைதானத்தில் நூறு கைகள் அப்படி மடங்கியிருக்கும்.

அந்த இடத்தில் மூன்று சுரங்கள் கணீரென்று ஒலித்தன.

தட்டியவர்களின் தட்டு அந்தச் சத்தத்துக்கு அடியில் நசுங்கிப்போயிற்று. பாதிப் பேர் தட்டவேயில்லை. மடக்கிய விரல் அப்படியே நின்றது. ஒரு குழந்தை மட்டும் தாமதமாக நாற்காலியை மூன்று தரம் தட்டியது. பாட்டு அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தது. கண்ணம்மாள் சம்பூர்ணத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் யாருமே பார்க்கவில்லை. எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்து கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

"சம்பூர்ணம், மேல வாம்மா" என்றார் பாஷா.

படி ஏற எழிலரசி கை கொடுத்தாள். வசந்த் எழுந்து நின்று கும்பிட்டான். மெதுவாக, மைக்கில் விழாமல் சொன்னான். "உங்களுக்காகத்தான்மா ஸ்பெஷலா தயார் பண்ணேன். போன்ல பிடிச்ச ரெக்கார்டிங் எல்லாம் கேட்டேன். எல்லாத்துலயும் அந்த மூணு நோட்டு இல்ல. டியூனரைக் கூட்டிட்டு வந்து புதுக் கம்பி போட்டோம். என்ன நோட்டு வரணும்னு நானே யோசிச்சுப் போட்டேன். சரியா இருந்துதா?"

"நல்லா இருந்துச்சு கண்ணு" என்றாள் சம்பூர்ணம்.

மைக்கைக் கையில் வாங்கினாள். வார்த்தை தயாராக இருந்தது. மூன்று நாள் பழகின வார்த்தை. வாயைத் திறந்தாள். மைக்கில் அவள் மூச்சுதான் கேட்டது. வாசல் பிளெக்ஸில் கோட்டுப் போட்ட ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றார் பாஷா. "தீந்துச்சுன்னு ஒரு வார்த்த."

"தம்பி நல்லா வாசிச்சாரு" என்றாள். "ரொம்ப நல்லா வாசிச்சாரு. ஆனா பாய், தீரல."

"இன்னாது?"

"எங்க வூட்டு வாசிப்பு தீரல பாய்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பாஷா மைக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இது, சபையில மானத்த வாங்கற? மூணு நாள் முன்ன எழிலுகிட்ட சரின்ன. வெளிய காட்பாடி வண்டி நிக்குது. செத்தவன் எழுந்து வந்து வாசிக்கணுமா உனக்கு?"

"அதெல்லாம் கேக்கல பாய். வாசிக்கலன்னா வாசிக்கலன்னுதான சொல்ல முடியும்? வாசிச்சதா எப்படிச் சொல்றது?"

"இவ்ளோ பேரு கேட்டாங்களே!"

"எல்லாரும்தான் கேட்டாங்க. கேட்டவங்கள கேளு, சின்னசாமி வந்தானான்னு."

பாஷா தாடியைத் தடவிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போன ஆறு பேரில் அவரும் ஒருவர். சின்னசாமி எதிர்ப்பக்கம் பிடிப்பான்.

கீழேயிருந்து கண்ணம்மாளின் குரல் வந்தது. "அவ பங்கு, அவ சொல்றா. உனக்கு இன்னா பாய் அவசரம்? பிரியாணி ஆறிடும்னா?"

மைதானம் சிரித்தது. பாஷாவுக்கும் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். எழிலரசி மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறி நின்றாள். சம்பூர்ணத்துக்கு அவளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"எழிலு, உன்ன நடுத்தெருவுல நிறுத்தறேன்னு நினைக்காத. பெட்டி எங்க வூட்டுக்கு வரட்டும்."

"உங்க வூட்லயா? ஒரே ரூம் அத்தை."

"கட்டில வெளிய போட்டா இடம் கெடைக்கும்."

"நா காலேஜுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"உங்கப்பன் எங்களுக்கு வாக்கு குடுத்துட்டாரே."

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத நீங்க டீக்கடைலயே சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். எழிலரசி இறங்கிப் போய்க் காட்பாடி வண்டிக்காரரிடம் நின்று பேசினாள். அவர் கைகளை விரித்தார், போனில் யாரிடமோ கேட்டார், கடைசியில் காலி வண்டியோடு கிளம்பினார்.

வசந்த் பெட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தான். "எங்கம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். மனசு உடைந்த கேள்வி. சம்பூர்ணம் அவன் கன்னத்தைத் தொட்டாள். "தப்பு ஒண்ணுமில்லடா. நீ முழுசா வாசிச்சுட்ட" என்றாள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. "ஊருக்குப் போறதுக்கு முன்ன வூட்டுக்கு வா, சாப்ட்டுப் போ" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். அந்த மாதிரித் தள்ளுவண்டி இப்போது ஊரில் கிடையாது. கவுஸ் பாஷா முணுமுணுத்துக்கொண்டே ஒரு குட்டியானை வண்டி பிடித்துக் கொண்டுவந்தார். தெருவில் அது திரும்பவில்லை. முனையில் இறக்கித் தூக்க வேண்டியதாயிற்று. பழைய ஆறு பேரில் மூன்று பேர்தான் மிச்சம், அவர்களும் மூச்சு வாங்குகிறவர்கள். தெருப் பையன்கள் கை கொடுத்தார்கள். "மெல்லடா, மெல்லடா, வாசப்படி" என்று பாஷா கத்தினார். சொந்த வீட்டு வாசலில் பெட்டி இறங்கியது. ஒரு நிமிஷம் அங்கேயே நிற்கட்டும் என்றாள் சம்பூர்ணம். நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்திவிட்டு, ஷாக்கடித்தவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

பெட்டி உள்ளே போனதும் கட்டில் வெளியே வந்தது. நடக்க ஒரு ஆள் அகலம்தான் மிச்சம். பாஷா டீயைக் குடித்துவிட்டு, "மழ வந்தா ஒழுகாதே?" என்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கான்கிரீட்டு பாய்."

"ஒழுகினா எனக்கு போன் பண்ணு. நீயா எதையும் போடாத."

போகும்போது பெட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

இருட்டுவதற்கு முன் பெங்களூரிலிருந்து ஹேமலதா போன் பண்ணினாள். யாரோ வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

"யம்மா, உனக்கு இன்னா ஆச்சு? காலு நீட்ட இடமில்லாத வூட்ல அவ்ளோ பெரிய பெட்டிய எதுக்கும்மா வாங்கி வச்ச? நீயா வாசிக்கப் போற?"

"எனக்கு எங்கடி வாசிக்கத் தெரியும்?"

"அப்பறம் எதுக்கு?"

சம்பூர்ணம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"ஆசீர்ண்ணன் நம்ம வூட்டுக்கு ஒரு வாசிப்பு தரணும்டி" என்றாள். "இன்னும் தரல. பாக்கி நிக்குது."